பர்தோன் பாயும் மூன்று ஜீப்புகளும்

புதுச்சேரியில் ஓடிய அத்தனை ஜீப்புகளின் குணமும் தெரிந்த ஒரே மனிதர் பர்தோன் பாய்தான். ஜீப் வைத்திருந்தவர்களின் குணமும் அவருக்கு அத்துப்படி. ஆனால் அதை மட்டும் வெளியே சொல்லமாட்டார். "வண்டியைப் பத்திக் கேளு தம்பி, சொல்றேன். ஆளைப் பத்திச் சொன்னா நாளைக்கு எவன் எனக்கு சீட்டு தைக்கக் குடுப்பான்?" என்பார்.

அவர் மெக்கானிக் இல்லை. டிரைவரும் இல்லை. நெல்லித்தோப்பில் ஜீப்புக்கு ரெக்ஸின் கூரையும் சீட்டும் தைக்கிற கடை வைத்திருந்தார். பானெட்டைத் திறந்து இன்ஜினைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழைய சீட்டில் தையல் எந்தப் பக்கம் விட்டிருக்கிறது என்று மட்டும் குனிந்து பார்ப்பார். "இடது பக்கம் பிரிஞ்சிருக்கு. திரும்பறப்ப ஆளைத் தூக்கிப் போடுது. முன்னாடி ஓரம் தேஞ்சிருக்கு. பிரேக்கு போட்டா முட்டி இடிக்குது. மரியாதை கெட்ட வண்டி!" என்று தீர்ப்பு வரும். வண்டிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். அத்தனையும் உண்மையாக இருக்கும்.

ஜீப் என்றால் மலை ஏற வேண்டும், சேற்றில் புகுந்து புறப்பட வேண்டும் என்று ஊரெல்லாம் பேசும். பாய்க்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "மேடு ஏறுறது என்னா பெரிய விஷயம்? ஆடுகூடத்தான் ஏறுது. கல்யாணத்துக்குப் போற பொம்பளைங்க நாலு பேரை ஏத்திக்கினு, தலையில வச்ச பூ கசங்காம எறக்கி விடுதா? அதான் தம்பி வண்டி."

பர்தோன் என்பது அவருடைய பெயரில்லை. இளைஞராக இருந்தபோது கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றில் சோபா தைக்கப் போயிருக்கிறார். அந்த வீட்டு பிரெஞ்சுக்கார மதாம் எதிரே வந்தாலும் பர்தோன், தும்மினாலும் பர்தோன். பிரெஞ்சில் மன்னிக்கவும் என்று பொருள். வேலை ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. சொல் மட்டும் பாயிடம் தங்கிவிட்டது. ஊசியால் ரெக்ஸினைக் குத்தும்போது ரெக்ஸினிடம் பர்தோன். குறுக்கே படுத்திருக்கும் நாயிடம் பர்தோன். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் வண்டிக்கும் பர்தோன், உள்ளே இருப்பவர்களுக்கும் பர்தோன்.

இதெல்லாம் தெரியாத கிராமத்தான் நான். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஜீப்புக்கு சீட் தைக்கச் சொல்லி, 'உயர்திரு பர்தோன் பாய் அவர்களுக்கு' என்று டைப் அடித்த கடிதத்தோடு போய் நின்றேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு உயர்திரு போட்ட மொத ஆளு நீதான்" என்று அதைத் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டார். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

செல்போனுக்கு வருகிற அழைப்பு இலவசமாகி, எல்லோரும் எல்லோரையும் 'நீயே கூப்புடு' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். ஒரு மழை நாளில் என் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. ஒருமுறை பக்கத்து நிலத்துக்காரரை வேறு யாரோ என்று நினைத்துப் பின்னாலிருந்து அடித்துவிட்டு, "நீ ஏன் அவனாட்டம் சட்டை போட்ட?" என்று அவரையே திட்டியவர். நான் பயிர் வேலையை விட்டுக் கம்பெனிக்குப் போனபோது மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும், "கம்பெனிக்காரன் வந்துட்டான், சோறு போடு" என்று அம்மாவிடம்தான் சொல்வார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார்: "குலுங்கக் கூடாது. குலுங்கிச்சுன்னா மறுபடியும் ஆபரேஷன்தான். இந்த வயசுல அது தாங்காது."

எங்கள் ஊர் தவளக்குப்பத்திலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர். குடிநீர்க் குழாய்க்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதியை மழை பார்த்துக்கொண்டது. ஆம்புலன்ஸ்காரர் ரோட்டைப் பற்றிக் கேட்டதுமே, "ஜீப்பு ஏதாச்சும் பாருப்பா" என்று கையை விரித்தார். டவுனில் நான் குடியிருந்த வீடு மாடியில். அதுவுமில்லாமல் அப்பா, "செத்தாலும் என் வீட்டுலதான்" என்று பிடிவாதமாக இருந்தார். அப்பாவின் இடுப்பு இப்போது ஒரு ஜீப்பை நம்பி இருந்தது. எந்த ஜீப்பை? பாயிடம் ஓடினேன்.

"எத்தினி வண்டி கெடைக்கும்?" என்றார்.

மூன்று கிடைத்தன. எங்கள் முதலாளியின் புது ஜீப். நண்பன் ஒருவன் சர்க்கார் ஏலத்தில் எடுத்த ஜீப். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸும் மீனும் ஏற்றுகிற ஏழுமலையின் நீள ஜீப்.

பாய் ஒரு கறுப்பு ரெக்ஸின் துண்டையும், துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஜீப்பிலும் நோயாளி படுக்க வேண்டிய இடத்தில் தானே மல்லாந்து படுத்தார். ரெக்ஸினை வயிற்றின் மேல் விரித்து, சாக்குக்கட்டியை அதன் மேல் லேசாக வைத்துக்கொண்டு, "ஓட்டு" என்றார். துறைமுக ரோட்டில் போய்த் திரும்பி வர வேண்டும். வண்டி அவரை எப்படி நடத்துகிறதோ அப்படியே கோடு விழும். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், எனக்காகக் கட்டையாக உருண்டுகொண்டிருந்தார்.

முதலாளி வண்டி வெளியே தேர் மாதிரி இருந்தது. கோடு, ரெக்ஸினை விட்டு இறங்கி பாயின் சட்டையில் ஏறி தாடி வரைக்கும் போயிருந்தது. "புது மாப்பிள்ளை தம்பி இவரு. சோக்கா இருக்காரு. ஆனா யாருக்காகவும் வளைஞ்சு குடுக்கமாட்டாரு."

ஏல ஜீப் பள்ளத்தில் இறங்கும்போது சும்மா இருந்தது. ஏறும்போது பின்னாலிருந்து ஓர் உதை விட்டது. "தாசில்தாரு ஆபீஸ் பழக்கம். உள்ள வரச் சொல்லும். வெளிய போவும்போது புடிச்சுத் தள்ளும்."

மூன்றாவதாக ஏழுமலையின் மீன் ஜீப். பெயிண்ட் உரிந்து, கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. நான்கு பூனைகள் அதன் நிழலில் குடியிருந்தன. பாய் பூனைகளிடம் பர்தோன் சொல்லிவிட்டு ஏறிப் படுத்தார். திரும்பி வந்தபோது கோடு ஏறக்குறைய நேராக இருந்தது. பாய் எழுந்து உட்கார்ந்து பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினார்.

"வருசக்கணக்கா பாரம் சொமந்த வண்டி. ஸ்பிரிங் பட்டை எல்லாம் பதமாயிருக்கு. இதான் மரியாதை தெரிஞ்ச வண்டி."

மூன்று கோடுகளையும் டாக்டரிடம் காட்டியே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். டாக்டர் முதல் கோட்டைப் பார்த்துப் பதறிப்போனார்.

"யாரு ஈ.சி.ஜி. இது? உடனே அட்மிட் பண்ணுங்க!"

"முதலாளி ஜீப்போடது சார்" என்றார் பாய். டாக்டர் மூன்றாவது கோட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கிளம்புகிற அன்று பாய் இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டார். "வெறும் வயித்தோட இருந்தா ஜீப்பு மொரடு. வயிறு நெறைஞ்சாதான் சாந்தம். தினம் இதுல டன் கணக்குல ஐஸ் ஏறுது. இன்னிக்கு அந்த பாரத்துக்கு என்னா பண்றது? உங்க சொந்தக்காரங்கள்ல கனமானவங்க யாரு?"

ஆஸ்பத்திரி வாசலில் உறவினர்களை வரிசையாக நிற்கவைத்துப் பொறுக்கினார். "நீங்க வேணாம், எளைச்சிருக்கீங்க. நீங்க வாங்க. ஐயோ, நீங்க அவசியம் வாங்க!" கடைசியாகச் சொன்னது என் பெரிய மாமாவை. எந்தப் பந்தியிலும் உடம்புக்காகக் கேலி கேட்டே பழகிய மனிதர், அன்று மாலை போட்ட மாதிரி நிமிர்ந்து போய் ஏறினார். மூன்று சித்தப்பாக்களும் ஏறினார்கள். அப்படியும் போதாமல் நான்கு மூட்டை மணலும் ஏறியது. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார்கள். நடுவில் மெத்தை. மெத்தையில் அப்பா.

"பொணத்தைக்கூட மீன் வண்டியில ஏத்தமாட்டானுங்களேடா" என்றார் அப்பா. மூன்று முறை கழுவியும் வண்டி வாசம் போகவில்லை. ஆஸ்பத்திரிப் பூனைகள் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பின.

ஏழுமலை ஓட்டினார். பாய் அவர் பக்கத்தில் முட்டி போட்டு, ரோட்டின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "பர்தோன்!" என்று ஒரு குரல். உடனே ஏழுமலை வேகத்தைக் குறைப்பார். மாமாவும் சித்தப்பாக்களும் நான்கு பக்கமும் அப்பாவைப் பிடித்துக்கொள்வார்கள். வண்டி இறங்கும், ஏறும். பிடி தளரும். மறுபடியும் "பர்தோன்!"

அரியாங்குப்பம் பாலம் தாண்டி, தவளக்குப்பம் தாண்டி, தோண்டிப் போட்ட ரோட்டுக்குள் இறங்கினோம். ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது. பிறகு ஓர் ஆட்டு மந்தை முந்திப் போனது. கடைசி ஆட்டுக்கும் பாய் பர்தோன் சொன்னார். அந்த நான்கு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனாலும் அப்பாவின் தலைமாட்டில் வைத்திருந்த சொம்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்கிறேன். நம்பாதவர்கள் என் மாமாவைக் கேட்கலாம்.

வீட்டு வாசலில் இறக்கியதும் பாய் கைகட்டி நின்றார். "வலிச்சுதா அய்யா?"

"மீன் நாத்தம்தான் தாங்கல" என்றார் அப்பா. என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா ஒருவரைப் பாராட்டி நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை.

ஆச்சரியம் மறுநாள் காலையில்தான் ஆரம்பித்தது. புரண்டு படுக்க நினைத்த அப்பா, "பர்தோன்!" என்று சத்தம் போட்டார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "என்னாடி பாத்துக்கினு நிக்கிற? பர்தோன்னா புடிச்சுக்கோன்னு அர்த்தம். பிரெஞ்சு!" என்றார் அப்பா.

வழியெல்லாம் அவர் கேட்டது அதுதான். அந்தச் சொல் வந்த உடனே நான்கு பேர் பிடித்திருக்கிறார்கள். வேறு என்ன பொருள் இருக்க முடியும்? யாரிடமும் மன்னிப்புக் கேட்காத மனிதர், அன்று முதல் நாளுக்கு இருபது தடவை, தெரியாமலேயே, அம்மாவிடமும் மாமாவிடமும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். லீவு போட்டுவிட்டுக் கூட இருந்த என்னைப் பார்த்து ஒரு மாலை, "பர்தோன்டா" என்று கையை நீட்டினார். சாகிற வரைக்கும் எனக்குக் கிடைக்காது என்று நினைத்திருந்த சொல் அது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

பாயிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "நெஜமான அர்த்தத்தைச் சொல்லித் தொலைக்காதே தம்பி. தெரிஞ்சா அந்த மனுசன் வாயை மூடிக்குவாரு."

இரண்டு மாதம் கழித்து பாய் அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட், அக்குளில் அப்பாவின் நாற்காலிக்கென்று தைத்த ரெக்ஸின் குஷன். அப்பா யார் வந்தாலும் எழுந்து நிற்கிற ஆள் இல்லை. அன்று நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்திக்கொண்டு எழுந்தார். பாதியில் உடம்பு ஆடியது.

"பர்தோன், பாய்!" என்றார்.

பள்ளத்துக்கும் நாய்க்கும் ஆட்டுக்கும் ரெக்ஸினுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே வாழ்ந்த மனிதருக்கு, ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லி அன்றுதான் நான் கேட்டேன். பிஸ்கட்டும் குஷனும் தரையில் விழ, பாய் இரண்டே எட்டில் போய் அப்பாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"புடிச்சுக்கினேன் அய்யா" என்றார்.