குழாயைத் திறந்தால்தான் தமிழ்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் எங்கள் நாலு வயது வாலுவும் சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றிலும் சௌக்கியம். பேச்சில் மட்டும் சௌக்கியமில்லை. நீயும் அத்தானும் வழக்கம்போல் உரக்கப் பேசிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வாலுவை அயல்மொழி வகுப்பில் சேர்த்தோம் இல்லையா, அங்கே டீச்சர் முதல் நாளே எங்களை உட்காரவைத்து, வீட்டிலும் அந்த மொழியிலேயே பேச வேண்டும், நடுவில் தமிழ் காதில் விழுந்தால் குழந்தை குழம்பிவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த மொழியில் எனக்குத் தெரிந்ததோ நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை நாலு வரி. என் மனைவிக்குத் தெரிந்தது அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் வெளிநாட்டுக்காரர்களிடம் கேட்கும் மூன்று கேள்வி. சாப்பாட்டு மேசையில் அவள் என்னிடம் எத்தனை நாளாக வலி என்று கேட்பாள், நான் கையை உள்ளே விடாதே என்பேன், குழந்தை இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளும்.

மனுஷன் எத்தனை நாள் இப்படி இருப்பது? பேச ஆயிரம் இருக்கிறதே. அதற்கு நாங்கள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் தமிழ் பேசிக்கொள்வோம். ஒருநாள் அவள் உன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு நான் சிரித்துக்கொண்டே இருந்ததில் வாளி நிரம்பி வழிந்துவிட்டது. அது இப்போது எதற்கு.

வாலு இதையெல்லாம் கவனித்திருக்கிறது. தமிழ் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம் என்று முடிவு கட்டிவிட்டது. இப்போது ஹாலில் வாயே திறப்பதில்லை. எது வேண்டுமானாலும் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப்போய், குழாயைத் திறந்து, காதில் கிசுகிசுக்கிறது. போன வாரம் வீட்டுக்கு வந்த என் முதலாளியையும் இழுத்துப்போய்விட்டது. மனிதர் சட்டை நனைந்து வெளியே வந்து, தன் மூக்கு பெரிசாம் என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார்.

சிரிக்காதே அக்கா. அது என்னை வாய்விட்டு அப்பா என்று கூப்பிட்டு இரண்டு மாதமாகிறது. எனக்குத் தாங்கவில்லை. உன் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்கும். உடனே கிளம்பி வந்து, ஒரு மாதம் எங்கள் ஹால் நடுவில் உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டே இரு. வேறு ஆள் கிடைக்காவிட்டால் என்னைத் திட்டு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்ட உன் தம்பி

பின்குறிப்பு: கிளம்ப வேண்டாம். உறையை ஒட்டப்போகிற நேரத்தில் வாலு என்னைக் குளியலறைக்கு இழுத்துப்போய், டீச்சரும் பள்ளியில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் தன் அம்மாவிடம் போனில் தமிழ் பேசுகிறார் என்று காட்டிக்கொடுத்தது. வந்த கோபத்தில் குழாயை இறுக்கி மூடினேன். வாலு மிரண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டது. “பரவாயில்ல கண்ணு, பேசு” என்றேன். குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு வீடே அதிரச் சொன்னது: “அப்பா, தண்ணி நின்னுடுச்சு. ஆனா பேச்சு வருதுப்பா.”

அப்படியே உன் குரல், அக்கா. நாலு வீடு தாண்டிக் கேட்டிருக்கும்.