நிமிஷம் போட்ட ஹாயான பயணம்

பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுகிறவருக்கு அங்கே வைத்த பெயர் ‘நிமிஷம்’. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிமிஷம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து (துடைத்தது மனைவி), நாலு தாள்களை ஒட்டி ஒரே தாளாக விரித்தார்.

“தலைநகரத்துக்குப் போறோம். மூணு நாள். ஓட்டமே கிடையாது. ஹாயா ஒரு பயணம்.”

மனைவி இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி குனிந்து பார்த்தாள். கோடிப் பேர் நெருக்கியடிக்கிற அந்த ஊரில் முப்பத்தெட்டு இடங்கள். அரண்மனைக்கு நாற்பது நிமிடம். படகுக்கு இருபத்தைந்து. நடுவே பச்சை மையில், ‘10.20 - 10.35: ஹாயாக இருத்தல்’.

“பதினஞ்சு நிமிஷமா?”

“முதல்ல பத்துதான் போட்டேன். உனக்காக அஞ்சு கூட்டினேன்.”

ஓரத்தில் ‘குழந்தையைத் தூக்குபவர்’ என்று ஒரு கட்டம். முதல் வரியில் ‘அம்மா’. மீதி முப்பத்தேழிலும் ‘மேற்படி’.

அவளுக்கு வேண்டியதெல்லாம் யாரும் எழுப்பாத ஒரு தூக்கம். வேண்டாம் என்றால் மனுஷன் இன்னொரு அட்டவணை போடுவார். அதனால் பாராட்டினாள்.

“நீங்க இல்லேன்னா டிப்போவே ஓடாது, இல்லீங்க?”

“சக்கரம் சுத்தாது.”

“ஒரு டிரைவர் லீவே எடுக்காம ஓட்டினா?”

அவருக்கு மூக்கு விடைத்தது. “ஆறு நாள் ஓட்டினா ஏழாம் நாள் வீட்ல படுக்கணும். போன மாசம்கூட ஒருத்தர்கிட்ட சாவியைப் பிடுங்கிட்டேன். யாரா இருந்தாலும் விதி விதிதான்.”

“எடுக்காம விட்ட ஓய்வு?”

“செல்லும். எப்பக் கேட்டாலும் குடுத்தே ஆகணும்.”

அவள் பிள்ளையை இறக்கி அவர் மடியில் வைத்தாள்.

“இவன் பொறந்து ரெண்டு வருஷம். நூத்தி நாலு வாரம். ஒரு நாள் படுத்திருக்கேனா?”

பிள்ளை தாளின் மூலையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

அவள் பேனாவை எடுத்து, ‘அம்மா’வை அடித்து ‘அப்பா’ என்று எழுதினாள். மேற்படிகளைத் தொடவே இல்லை. அவை தாமாகவே கட்சி மாறிவிட்டன.

“நான் ரூம்ல தூங்கறேன். நீங்க ரெண்டு பேரும் எல்லாத்தையும் பார்த்துட்டு வாங்க. மூணே மூணு நாள்தான்.”

பிள்ளை வாயிலிருந்து அரண்மனையைப் பிடுங்கியபடியே நிமிஷம் மெதுவாகக் கேட்டார். “அப்ப மிச்சம் நூத்தியொண்ணா?”

“நூறு. இன்னிக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்,” என்று சொல்லி, அவள் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள்.