பதினெட்டு லட்சத்துக் கிடை

லண்டன் மாநகரம் இன்றைக்கும் செழிப்பாக இருக்கிறதென்றால் அதற்குக் கோவில்பட்டிதான் காரணம். லண்டன்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய இடத்துக்காரர்கள் எப்போதுமே அப்படித்தான். ஆனால் கோவில்பட்டியில், ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில், வெல்லப்பாகு வாசனைக்கு நடுவே, அந்த மாநகரத்தின் எதிர்காலம் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை (ஞாயிறு விடுமுறை) இடைவிடாமல் தீர்மானிக்கப்பட்டு வந்ததை நேரில் பார்த்தவர்கள் மறுக்க முடியாது. அந்த இடத்துக்கு ‘விண்ணகம் ஓவர்சீஸ் எஜுகேஷன்’ என்று பெயர். அதன் நிர்வாக இயக்குநர், தலைமை ஆலோசகர், காசாளர், காலையில் கூட்டிப் பெருக்குகிறவர் ஆகிய நால்வரும் செண்பகராஜ் என்ற ஒரே ஆள்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் மே மாசக் கடைசியில் மாயகிருஷ்ணன் அந்த மாடிப்படியில் ஏறினார். கடம்பூர்ப் பக்கம் கிராமம். நூற்றிருபது ஆடு, நாலு ஏக்கர் கரிசல், ஒரே மகள். மகள் முத்துசெல்வி பி.இ. முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். ஊரில் அவள் படிப்புக்குத் தயாராக இருந்த ஒரே வேலை, தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுவது. தீப்பெட்டித் தொழிற்சாலையை ‘ஆபீஸ்’ என்று சொல்லி ஊர் முழுவதையும் உத்தியோகஸ்தர்களாக்கிய பெருமை கோவில்பட்டியைச் சேரும். ஆனாலும் முத்துசெல்விக்கு அந்த உத்தியோகத்தில் மனசு ஒட்டவில்லை. லண்டன் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். காலையில் போட்ட விண்ணப்பத்துக்குச் சாயங்காலமே பதில் வந்துவிட்டது. அவளுடைய அறிவுத்திறன் தங்களை வியப்பில் ஆழ்த்திவிட்டதாகவும், முதல் தவணைக் கட்டணத்தை உடனே அனுப்பி வைக்கும்படியும் கல்லூரி கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்டில் பாதியை விற்று மாயகிருஷ்ணன் அனுப்பி வைத்தார்.

“இனி விசாதான் பாக்கி, அண்ணாச்சி” என்றார் செண்பகராஜ். “ஒங்க கணக்குல பதினெட்டு லட்சம் நிக்கணும்.”

“நின்னு?”

“சும்மா நிக்கணும். இருபத்தெட்டு நாள். ஒரு நாளு ஒரு ரூவா கொறஞ்சாலும் விசா கெடையாது.”

“நம்மகிட்ட இன்னும் அறுவது உருப்படி நிக்கி தம்பி. அதைக் காட்டுவோமே.”

“விசா குடுக்கிறவன் ஆட்டைச் சொத்துன்னு ஒத்துக்கிட மாட்டான்.”

“திங்கிறதுக்கு மட்டும் ஒத்துக்கிடுவானாக்கும்?”

செண்பகராஜ் இதைக் காதில் வாங்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, பணம் மாயகிருஷ்ணனுடையதாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அவர் கணக்கில் நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது என்று விளக்கினார். சட்டம் சொல்லாததையும் சட்டத்தின் குரலிலேயே சொல்லும் வரம் அவருக்கு இருந்தது. வசதியுள்ள ஒருவர் தன் பணத்தைக் கொண்டுவந்து மாயகிருஷ்ணன் கணக்கில் நிறுத்துவார். நாள் முடிந்ததும் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நிறுத்தியதற்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூலி.

மாயகிருஷ்ணன் முகம் தெளிந்துவிட்டது. “அட, கிடை!” என்றார்.

பட்டணத்து வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். கரிசல்காட்டில் வெள்ளாமை எடுத்துவிட்டு நிலம் சும்மா கிடக்கிற கோடையில், நாலைந்து பேருடைய ஆடுகளை ஒன்றுசேர்த்து, ராத்திரியில் ஒருவன் நிலத்தில் அடைப்பார்கள். விடிந்ததும் ஆடு ஆட்டுக்காரனோடு போய்விடும். புழுக்கை நிலத்திலேயே தங்கிவிடும். உரம் கிடைத்த நிலத்துக்காரன் கிடைக்கூலி கொடுப்பான். மந்தையை நடத்திப்போய், பேச்சுவார்த்தை முடித்து, நிலத்துக்காரனிடம் கூலியை வாங்கி ஆட்டுக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறவருக்குக் கீதாரி என்று பெயர்.

“அப்பம் பணம்தான் ஆடு. என் கணக்கு நெலம். நான் நெலத்துக்காரன், கூலி குடுக்கேன். நீங்கதான் கீதாரி.”

“கரெக்ட் அண்ணாச்சி!” என்றார் செண்பகராஜ். மூன்று வருஷமாக வாய் வலிக்க விளக்கியும் ஒருவருக்கும் புரியாத பொருளாதாரம் ஒரே வார்த்தையில் அடங்கிவிட்டதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து ‘விண்ணக’த்தில் எல்லாப் பெற்றோருக்கும் இந்தப் பாடமே நடத்தப்பட்டது.

ஆடு கிடைத்தது. இரண்டு தீப்பெட்டி ஆபீஸ்களுக்குச் சொந்தக்காரரான சண்முகராஜ் முதலாளி பதினெட்டு லட்சத்தை ஓட்டிவிடச் சம்மதித்தார். முப்பத்தாறாயிரம் கூலியை முன்னாலேயே வாங்கிக்கொண்டார். பாஸ்புக் அவரிடம் இருக்கும். மாயகிருஷ்ணன் தொகை போட்டுக் கையெழுத்து வைத்த செக்கும் அவரிடம் இருக்கும். “கிடைன்னு சொல்லிட்டிய. கிடைக்குக் காவல் வேணும்லா?” என்று கேட்டு, தன் கணக்குப்பிள்ளை சாமித்துரையை ஒரு கம்போடு மாயகிருஷ்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மாயகிருஷ்ணன் மனைவி ஆவுடைத்தாய்க்கு இந்த ஏற்பாடு விளங்கவில்லை. “பணம் பேங்குல நிக்கி. இவிய எதுக்கு நம்ம வீட்டு வாசல்ல நிக்காவ?”

“பணம் எங்கயும் ஓடாது மதினி” என்றார் சாமித்துரை. “ஓடுதது மனுசந்தான்.”

இந்தத் தத்துவத்துக்கு மூன்று வேளையும் சோறு போட வேண்டியிருந்தது. சாமித்துரை தினமும் காலையில் பஸ் ஏறி வங்கிக்குப் போவார். பணம் நிற்கிறதா என்று பாஸ்புக்கில் பதிந்து பார்ப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தவறாமல் திரும்பிவிடுவார். காவல்காரருக்கு ஆவுடைத்தாயின் கருவாட்டுக் குழம்பு பிடித்துப்போய்விட்டது; நாலாம் நாளிலிருந்து கம்பைக் கொடியில் துணி விரிக்கக் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில் மாயகிருஷ்ணன் பெரிய மனிதராகிவிட்டார். “வரிசையில வாங்க” என்று பல வருஷமாக அவர் முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவந்த வங்கி மேலாளர், இப்போது எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஏன் சார் இவ்வளவு நாளா எங்களை மறந்துட்டீங்க?” என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். ஜூன் மாசத்தில் புது வருஷக் காலண்டர் ஒன்றும் வழங்கப்பட்டது. ஊர்க் கோயில் கொடைக் கமிட்டித் தலைவர் தங்கசாமி வீடு தேடி வந்து, இந்த வருஷம் வில்லுப்பாட்டுச் செலவை ‘அன்னார்’ ஏற்றுக்கொண்டதற்கு நன்றி தெரிவித்து நோட்டீஸ் அடித்தாகிவிட்டது என்றார். அன்னார் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது ஒரு பொருட்டாகவே கருதப்படவில்லை. தன்னுடையதல்லாத பணம் இருந்தாலே இவ்வளவு மரியாதை என்றால், சொந்தப் பணம் வைத்திருக்கிறவன் எப்படித் தாங்குகிறான் என்று மாயகிருஷ்ணனுக்கு வியப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

இருபத்தைந்தாம் நாள் சாமித்துரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. முதலாளி கூப்பிடுகிறார் என்று ஆள்தான் வந்தது. மாயகிருஷ்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஆபீஸ் முற்றத்தில் தீக்குச்சிகள் காய்ந்துகொண்டிருந்தன. சண்முகராஜ் முதலாளி கையில் பாஸ்புக் விரிந்திருந்தது. செண்பகராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் ‘மதிப்புமிக்க வாடிக்கையாளரை’ப் பாதுகாக்க வங்கி மேலாளரும் வந்திருந்தார். விஷயம் இதுதான்: அரையாண்டு வட்டி என்று ஐயாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் கணக்கில் ஏறியிருந்தது.

“குட்டி போட்டிருக்கு” என்றார் சண்முகராஜ். “கிடையில ஆடு ஈன்டா குட்டி யாருக்கு? ஆட்டுக்காரனுக்கு. எடுத்துக் குடுத்துருங்க.”

மாயகிருஷ்ணன் சிரித்துவிட்டார். “மொதலாளி, அது குட்டி இல்ல. புழுக்கை.”

“என்னது?”

“ஆடு நின்ன எடத்துல தங்குனது புழுக்கை. அது நெலத்துக்காரனுக்கு. அதுக்குத்தான முப்பத்தாறாயிரம் கூலி வாங்குனிய?”

“புழுக்கை ஆடு மாதிரியா இருக்கும்? குட்டிதான் ஆடு மாதிரி இருக்கும். இந்தா பாரும், நின்னது ரூவா, வந்ததும் ரூவா. தாயை உரிச்சு வச்சிருக்கு. குட்டிதான்!”

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த தொழிலாளர்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வாதம் பலமானதுதான். ஆனால் மாயகிருஷ்ணன் ஆடுகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவர்.

“குட்டி போடணும்னா கிடா வேணும். என் கணக்குல எந்தக் கிடா வந்துச்சி?”

சண்முகராஜ் கொஞ்சமும் யோசிக்காமல் வங்கி மேலாளரைக் கைகாட்டினார். “அந்தா நிக்காருல்லா!”

மேலாளர் இருபத்தாறு வருஷ சேவையில் பல குற்றச்சாட்டுகளைச் சந்தித்தவர். இது புதிது. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்களில் இதற்கு இடமில்லை என்று தழுதழுத்த குரலில் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. சாமித்துரை மட்டும் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இருக்கும்” என்றார்.

ஒரு மணி நேரம் போயிற்று. ‘அரைப் புழுக்கை, அரைக் குட்டி’ என்று செண்பகராஜ் கொண்டுவந்த சமரசத் தீர்மானம் இரு தரப்பாலும் நிராகரிக்கப்பட்டது. கடைசியில் சண்முகராஜ் சட்டைப் பையிலிருந்து அந்தச் செக்கை எடுத்தார்.

“சாமித்துரை, பேங்குக்குப் போயி ஆட்டை ஓட்டிட்டு வா. இந்த நெலம் நமக்குச் சரிப்படாது.”

இன்னும் மூன்றே நாள். இன்றைக்குப் பணம் போனால் இருபத்தைந்து நாளும் போயிற்று, கூலி போயிற்று, கல்லூரிக்குக் கட்டியது போயிற்று. அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்த முத்துசெல்வி ஒரு அடி முன்னால் வந்தாள்.

“எப்பா.”

அவ்வளவுதான் சொன்னாள். மாயகிருஷ்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். புதுப் பெட்டி வாங்கி, அதன் மேல் தன் பெயரைப் பெயிண்டால் எழுதி, காய்கிறவரை ராத்திரியெல்லாம் விசிறிக்கொண்டிருந்த பிள்ளை. அவள் கண்ணைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. புழுக்கை எது, குட்டி எது என்று நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டவர், முற்றத்துத் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

“குட்டிதான் மொதலாளி. எடுத்துக்கிடுங்க.”

சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். ஐயாயிரம் ரூபாய்க்காக அல்ல, சொன்ன பொய்க்காக அவருக்கு உடம்பு கூசியது. இரண்டு தலைமுறையாக எந்த நிலத்திலும், எந்தச் சண்டையிலும் அந்தக் குடும்பத்தில் யாரும் புழுக்கையைக் குட்டி என்று சொன்னதில்லை.

விசா வந்தது. ஊரே வேனில் ஏறிப் போய் முத்துசெல்வியை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தது. சாமித்துரைதான் அதிகம் அழுதார். ‘விண்ணக’த்தின் சுவரில், ஏற்கெனவே போய்விட்டவர்களின் படங்களுக்குப் பக்கத்தில், முத்துசெல்வியின் படம் மாலையோடு மாட்டப்பட்டது. உயிரோடிருக்கிறவர்களுக்கு மாலை போட்டு மாட்டுவது அங்கே ஒரு மரபாகவே இருந்தது.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடமிருந்து போன் வந்தது.

“எப்பா, காலேஜி ஒரு கோழிக்கடை மாடியில இருக்கு.”

“நல்லதுதானம்மா. இங்கன கடலைமிட்டாய்க் கடைக்கு மேல இல்லியா?”

“ஒரு ரூம்புல ஏழு பேரு படுக்கோம்ப்பா. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு ஊரு. வாரத்துல ரெண்டு நாளுதான் கிளாசு, அதுக்கும் சார் வரமாட்டாரு. மத்த நாளு குடோன்ல பெட்டி அடுக்குதேன். அந்தச் சம்பளம் வாடகைக்கே சரியாப் போவுது. அடுத்த பீசு கட்டச் சொல்லுதாவ.”

“சாப்புட்டியா?”

“சாப்புட்டேன்ப்பா.”

பொய் சொல்லும்போது முத்துசெல்விக்குக் குரல் கொஞ்சம் உயரும். உயர்ந்தது. மாயகிருஷ்ணன் போனை வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனார். முதல் பீசுக்கு விற்றது போக மிச்சமிருந்த ஆடுகளில் அடுத்து எது போக வேண்டும் என்று பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். எங்கேயோ கணக்கு உதைத்தது.

மறுநாள் மாடிப்படி ஏறினார். செண்பகராஜ் இப்போது வேலைக்கு ஆள் வைத்திருந்தார். பெஞ்சு நிறையப் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். மாயகிருஷ்ணன் சுவரில் இருந்த படங்களை, மந்தையை எண்ணுகிற பழக்கத்தில், ரெண்டு ரெண்டாக எண்ணினார். நாலு சுவரும் போதாமல் கதவுக்குப் பின்னாலும் மாட்டியிருந்தார்கள்.

“வாங்க அண்ணாச்சி! இவியதான் நம்ம முத்துசெல்வியோட அப்பா” என்று செண்பகராஜ் பெஞ்சுக்கு அறிமுகப்படுத்தினார். பெஞ்சு எழுந்து நின்றது.

“தம்பி, ஒரு சந்தேகம். என் பிள்ளை அங்கன லண்டன்காரன் நெலத்துல நிக்கா. ஒழைப்பு, வாடகை, பீசு எல்லாம் அங்கனயே தங்குது. ஒரு புழுக்கை இங்கன வரல. அப்பம் நெலத்துக்காரன் அவந்தான?”

“சந்தேகமில்லாம.”

“அப்பம் கிடைக்கூலி அவந்தான குடுக்கணும்? ஆட்டையும் அடைக்க விட்டுட்டு, கூலியும் நான்லா குடுத்துக்கிட்டு இருக்கேன்! இது எந்த ஊரு வழக்கம்?”

பெஞ்சில் உட்காரப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். செண்பகராஜ் கொஞ்சமும் கலங்கவில்லை. லண்டன் மாநகரத்தின் நாணயத்தின் மேல் பழி விழுவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

“அப்பிடிச் சொல்லாதிய அண்ணாச்சி. அவிய வழக்கம் மீறுதவிய இல்ல. கிடைக்கூலி குடுக்கத்தான் செய்தாவ. தலைக்கு இவ்வளவுன்னு, பிள்ளை போயிச் சேந்த மறுமாசமே கரெக்டா அனுப்பிருதாவ.”

“யாருக்கு?”

செண்பகராஜ் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

“கீதாரிக்கு.”