செதிலப்பன் சாருக்கு ஐந்துக்கு ஐந்து

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். ஊருக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லையே. அந்தக் காட்டில் எந்த மிருகம் குட்டி போட்டாலும், குட்டி கண் திறப்பதற்குள் கணினிப் பொறியியலில் அதற்கு ஓர் இடம் பிடித்து வைத்துவிடுவார்கள். வேட்டையாடத் தெரியாத புலிக்குட்டி, மரமேறப் பயப்படும் மந்தி, எல்லாம் அங்கேதான் படித்தன.

அங்கே செதிலப்பன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவர் அழுங்கு. எறும்புத்தின்னி என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். உடம்பெல்லாம் ஓட்டுக்கூரை போலச் செதில். பயம் வந்தாலோ மனம் நொந்தாலோ தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடுகிற இனம். பதினோரு வருஷமாக அவர் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்து வந்தார்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வகுப்பில் பாடம் நடத்துவார். நிஜமாகவே நடத்துவார். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல், நகத்தால் பலகையில் கீறி, எந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்று விளக்குவார். யாராவது "சார், புரோகிராம் ஓடிடுச்சு சார்!" என்று துள்ளிக்கொண்டு வந்தால், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்.

"ஓடுதுங்கிறதுக்காகச் சரின்னு ஆயிடாதுப்பா. போய் இன்னொரு தடவை பாத்துட்டு வா."

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே மாணவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடுகிற எதையும் துரத்திப் பிடித்துத்தான் பழக்கமே தவிர, நிறுத்தி வைத்துப் பார்க்கிற வழக்கம் அந்தக் காட்டில் கிடையாது.

மாணவர்கள் பழி தீர்த்துக்கொள்ள வருஷத்துக்கு இரண்டு முறை வாய்ப்பு வரும். அதற்குப் பெயர் கருத்துப் படிவம். ஆசிரியருக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும், கீழே கருத்தும் எழுத வேண்டும். படிவம் நிரப்பாதவருக்கு ஹால் டிக்கெட் கிடையாது. பெயர் எழுத வேண்டாம், ரகசியம் காக்கப்படும், பதிவு எண்ணை மட்டும் போட்டால் போதும் என்று மேலேயே அச்சடித்திருப்பார்கள்.

போன முறை செதிலப்பனுக்குக் கிடைத்தது ஒன்று புள்ளி நான்கு. கருத்துகள் தனியாக வந்தன.

முயல் எழுதியிருந்தது: "லேப்ல பக்கத்து ஆளோட அவுட்புட்டை எழுதினா கண்டுபிடிச்சிடுறார். இது நம்பிக்கைத் துரோகம்." மந்தி எழுதியிருந்தது: "முக்கியமான கேள்வி குடுங்கன்னா எல்லாமே முக்கியம்ங்கிறார். எல்லாத்தையும் படிச்சா அப்புறம் பரீட்சை எதுக்கு?" கரடி, வகுப்பறையில் ஃபேன் ஓடவில்லை என்று எழுதியிருந்தது, அது எல்லா ஆசிரியருக்கும் அதையேதான் எழுதும். நாலு தடவை அரியர் வைத்திருந்த முள்ளம்பன்றி, கொஞ்சம் பாசமாகவே எழுதியிருந்தது: "சார் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். வேற காட்டுல."

செதிலப்பன் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சுருண்டு கிடந்தார். பதினோரு வருஷத்தில், நீங்கள் நன்றாகச் சொல்லித் தருகிறீர்கள் என்று ஒரே ஒரு ஜீவன் சொல்லியிருந்தால்கூடப் போதும், நிமிர்ந்திருப்பார். யாரும் சொல்லவில்லை.

அடுத்த அறையில் பச்சையம்மாள் மேடம் என்று ஒரு கிளி இருந்தார். திரையில் இருப்பதை அப்படியே வாசிப்பார். வாசித்ததையே இன்னொரு முறை வாசிப்பார். பரீட்சைக்கு வரப்போகிற பத்துக் கேள்விகளையும் முதல் நாளே வாசித்துவிடுவார். அவருக்கு நான்கு புள்ளி ஒன்பது.

துறைத் தலைவர் தோகையரசன் ஒரு மயில். அவர் செதிலப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"செதிலப்பன் சார், உங்க மேல எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்ப மரியாதை" என்றார். இப்படி ஆரம்பித்தால் நல்ல சேதி வராது என்று செதிலப்பனுக்குத் தெரியும். "ஆனா இந்த செமஸ்டர்ல மூணுக்குக் கீழ போச்சுன்னா, கமிட்டி உங்களை அனுப்பிடும். குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும்."

செதிலப்பனின் குவார்ட்டர்ஸ் ஒரு வளை. சாதாரண வளை இல்லை. வாசலில் தலையை நீட்டினால் நாக்குக்கு எட்டுகிற தூரத்தில், காட்டிலேயே பெரிய கறையான் புற்று. அதை விட்டுவிட்டு அவர் எங்கே போவார்?

"மாணவர்கள் மனசைப் புரிஞ்சுக்குங்க சார்" என்றார் மயில். "கொஞ்சம் கண்டுக்காம விடுங்க."

செதிலப்பன் கண்டுக்காமல் விடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். முயல் பார்த்து எழுதியபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கரடி தூங்கியபோது குரலைத் தாழ்த்தினார். உள்ளுக்குள் செதில் செதிலாக எரிந்தது, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். அழுங்குக்குப் பல் கிடையாது என்பதால் அதுவும் சிரமமாக இருந்தது.

அந்த வகுப்பில் சுடர்க்கொடி என்று ஒரு கீரிப்பிள்ளை. அவளுடைய செமஸ்டர் புராஜெக்ட், கருத்துப் படிவங்களைக் கணக்கிடுகிற புரோகிராம். அதுவரை ஒரு கொக்கு கையால் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. அது ஓய்வு பெற்றுவிட்டதால் சுடர்க்கொடியின் புரோகிராமையே பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று மயில் அறிவித்துவிட்டார். செதிலப்பன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"ஓடுது சார்" என்றாள் சுடர்க்கொடி.

செதிலப்பன் பார்த்தார். பன்னிரண்டாவது வரியில் தவறு இருந்தது. புதிதாக ஒரு மதிப்பெண் வந்தால், அது முன்பு வந்தவற்றோடு சேர்ந்து சராசரியாக வேண்டும். இங்கேயோ புதிது வந்து பழையதைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கருத்துக்கும் அதே கதிதான். எத்தனை பேர் எழுதினாலும் கடைசியாக எழுதுகிறவர் எழுதியது மட்டுமே மிஞ்சும்.

நகம் தானாகப் பன்னிரண்டாவது வரியை நோக்கி எழுந்தது. எதிரே சுடர்க்கொடி வாலை ஆட்டாமல், மூச்சு விடாமல் நின்றிருந்தாள். இவளும் படிவம் நிரப்பப் போகிறவள்தானே? செதிலப்பனுக்குக் கறையான் புற்று ஞாபகம் வந்தது. "மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"இன்னொரு தடவை பாத்துட்டு வரச் சொல்லலையா சார்?" என்று கேட்டாள் அவள்.

"வேணாம்மா. போ."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

படிவத்தைக் கணினியில்தான் நிரப்ப வேண்டும். சிக்னல் மலை உச்சியில் மட்டுமே கிடைக்கும் என்பதால் கணினிக்கூடம் அங்கே இருந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. செதிலப்பன் அன்று மதியமே போய் வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அறுபத்தெட்டு பேரில் அறுபத்தேழு பேர் முடித்துவிட்டார்கள். அறுபத்தேழாவது ஆளாக முள்ளம்பன்றி அப்போதுதான் வெளியே வந்தது.

"உங்களுக்கும் போட்டுட்டேன் சார்" என்று சொல்லிச் சிரித்தது. சிரித்த விதம் சரியில்லை.

பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆள். நிதானமுத்து. ஆமை.

அவருடைய வகுப்பு காலையில் முதல் மணி. நிதானமுத்து விடுதியிலிருந்து விடியும்போதே கிளம்பி வாசலுக்கு வந்து சேரும்போது வகுப்பு முடிந்து மணி அடித்துவிடும். செமஸ்டர் முழுக்க அவன் அவருடைய வகுப்புக்குள் கால் வைத்ததே இல்லை. செதிலப்பன் தினமும் ஆப்சென்ட் போட்டார். அப்பாவுக்குப் புகார்க் கடிதமும் கொடுத்தனுப்பினார். அப்படிப்பட்டவன் என்ன போடுவான்? ஒன்றுக்குக் கீழே எண் இல்லாததால் ஒன்று போடுவான்.

அவன் வராவிட்டாலோ, முள்ளம்பன்றி போட்டதே நிலைத்துவிடும். முள்ளம்பன்றி என்ன போட்டிருக்கும் என்பது தெரிந்த விஷயம். நிதானமுத்து விஷயத்தில் ஒரு சந்தேகமாவது மிச்சம் இருந்தது. செதிலப்பன் மலையிறங்கி ஓடினார்.

ஆமை அடிவாரத்தில் வந்துகொண்டிருந்தது. அது போகிற போக்கில் போனால் உச்சிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் போய்ச் சேரும்.

"ஏன்ப்பா, இப்பத்தான் கெளம்பினியா?"

"திங்கக்கெழமையே கெளம்பிட்டேன் சார்."

"சரி, ஏறு" என்று வாலைத் தரையில் போட்டார் செதிலப்பன். அழுங்குகள் தங்கள் குட்டியை வால்மேல் ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். மாணவனை ஏற்றியது அந்தக் காட்டிலேயே அதுதான் முதல் தடவை. பாறைக்குப் பாறை மூச்சு வாங்க, ஆமையை ஓட்டோடு சேர்த்து இழுத்துக்கொண்டு ஏறினார். பாதி வழியில் கௌரவத்தை விட்டுக் கேட்டேவிட்டார்.

"நிதானமுத்து, என்னைப் பத்தி என்னப்பா எழுதப் போறே?"

"கண்ணால பாத்ததை அப்படியே எழுதுவேன் சார். பொய் எழுத எங்க வீட்ல பழக்கலை."

செதிலப்பன் பேச்சை மாற்றினார். "உங்கப்பாவுக்கு ஒரு லெட்டர் குடுத்தனுப்பினேனே, பாத்தாரா?"

"நான்தான் சார் எடுத்துட்டுப் போறேன். இன்னும் வீடு போய்ச் சேரலை."

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆமை கணினியின் முன்னால் உட்கார்ந்தது. செதிலப்பன் வாசலில் பந்தாகச் சுருண்டுகொண்டார்.

அடுத்த புதன்கிழமை, காடு முழுக்கக் கூடியிருந்த விழாவில், மயில் தோகையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துவிட்டு முடிவை வாசித்தது.

"பேராசிரியர் செதிலப்பன், ஐந்துக்கு ஐந்து!"

ஒன்று போட்டிருந்த முயல் பக்கத்திலிருந்த மந்தியைப் பார்த்தது. ஒன்று போட்டிருந்த மந்தி கரடியைப் பார்த்தது. நம்மைத் தவிர எல்லோரும் ஐந்து போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறதே என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பயந்தது. உடனே கைதட்ட ஆரம்பித்தன. முள்ளம்பன்றி தட்டிய தட்டில் அக்கம்பக்கத்தில் நாலு பேருக்கு முள் தைத்தது.

"மாணவர்களின் ஏகோபித்த கருத்தை வாசிக்கிறேன்" என்றது மயில். "'தினமும் நான் செதிலப்பன் சார் வகுப்பு வாசலுக்குப் போகும்போது எல்லோரும் வெளியே வருவார்கள். அத்தனை சந்தோஷமான முகங்களை நான் வேறு எந்த வகுப்பின் வாசலிலும் பார்த்ததில்லை. சிலர் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வார்கள். உள்ளே எவ்வளவு நல்ல விஷயம் நடந்திருந்தால் இப்படி வருவார்கள்!'"

மயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தது.

"பச்சையம்மாள் மேடம், ஒன்று. கருத்து: 'இவர் வகுப்பு கடைசி மணி என்பதால் என்னால் தினமும் போய்ச் சேர முடிந்தது. முழுவதும் உட்கார்ந்து கேட்டேன்.'"

கிளிக்கு அன்று பேச்சு வரவில்லை. அதற்கு முன்னால் யாரோ பேசியிருந்தால் திருப்பிச் சொல்லியிருக்கும்.

செதிலப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சிறந்த ஆசிரியர் விருது கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸ் இனி ஆயுளுக்கும் அவருக்கே என்றார்கள். பொன்னாடையோடு வளை வாசலில் உட்கார்ந்து, அவர் முதல் கறையானை நாக்கில் எடுத்தபோது சுடர்க்கொடி வந்து நின்றாள்.

"சார், என் புரோகிராம்ல தப்பு இருக்கு சார்."

கறையான் தொண்டையில் சிக்கியது. "என்ன தப்பு?"

"உங்களுக்கு அஞ்சு வர வாய்ப்பே இல்லை சார். நான் நாலுதான் போட்டேன். ஒருத்தர் நாலு போட்டாலும் சராசரி அஞ்சு ஆகாதே? அதான் மறுபடி ஒவ்வொரு வரியா பாத்தேன். பன்னிரண்டாவது வரி. கடைசியா வர்றவங்க போடுறது மட்டும்தான் நிக்குது."

அறுபத்தெட்டு பேரில் ஒருத்திக்காவது தோன்றியதே! செதிலப்பனின் செதிலெல்லாம் சிலிர்த்தது. பிறகுதான் இன்னொன்று உறைத்தது.

"நாலா போட்டே எனக்கு?"

"ஆமா சார். நீங்க ரொம்ப நல்லா சொல்லித்தர்றீங்க. அஞ்சுதான் போடணும்னு இருந்தேன். ஆனா என் புராஜெக்டைச் சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டீங்களேன்னு ஒண்ணு கொறைச்சுட்டேன்."

பதினோரு வருஷமாக ஏங்கிய வார்த்தை வாசலுக்கே வந்து நின்றது. அவருக்குத் தொண்டையை அடைத்தது. இந்த முறை கறையான் இல்லை. அவளை உட்கார வைத்து, நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன் அம்மா, பயந்து போய் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

"இப்பவே மயில் சார்கிட்டச் சொல்லி மாத்திடலாமா சார்?" என்றாள் சுடர்க்கொடி.

செதிலப்பன் பொன்னாடையைப் பார்த்தார். புற்றைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"புரோகிராம் ஓடுதுல்ல?"

"ஓடுது சார். ஆனா..."

"ஓடுறதைத் தொடக் கூடாதும்மா. போ."

அவர் நிமிரவில்லை; பொன்னாடையோடு சுருண்டுவிட்டிருந்தார். அவள் திரும்பிப் போனாள். அதன் பிறகு அவள் எதையும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. அதனால் வேலை சீக்கிரமே கிடைத்துவிட்டது. இப்போது அக்கம்பக்கத்து மூன்று காடுகளுக்கு அவளுடைய புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த செமஸ்டரில் பச்சையம்மாள் உட்பட எல்லா ஆசிரியர்களும் தங்களுக்கு முதல் மணிதான் வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். செதிலப்பன் தன் வகுப்பை இன்னும் அரை மணி முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார். நிதானமுத்து அப்போது அப்பாவிடம் கடிதத்தைக் கொடுக்கப் பாதி வழியில் இருந்தான்.

நீதி: நல்லாசிரியர் என்று பெயரெடுக்க விரும்புகிறவர், தம்மைப் பற்றிக் கருத்துச் சொல்லப் போகிறவர் வகுப்புக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.