என் கண்ணில் கோளாறு இல்லை, காற்றில்தான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் சௌக்கியம். உங்கள் அத்தையும், என்மேல் உள்ள கோபம் தவிர, சௌக்கியம். அங்கு மகளும் நீங்களும் கோபமின்றிச் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. வருகிற வியாழக்கிழமை என் கண்புரை ஆபரேஷனுக்கு நீங்கள் நாள் குறித்திருப்பதாகத் தெரிந்தது. உடனே ரத்து செய்யவும். முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவனுக்குக் காற்றைப் பற்றித் தெரியாதா? எதிரே இருக்கும் செல்போன் கோபுரம் எனக்கு இரண்டாகத் தெரிவதும் நெளிவதும் உண்மை. ஆனால் வெயிலில் காய்ஞ்ச மாடியை ஒட்டி சூடான காத்து குப்குப்னு எழும்புது, குளிர்ந்த காத்து இறங்குது, ரெண்டும் கலந்து சுழலுது, அதுக்குள்ள வர்ற வெளிச்சம் வளைஞ்சு வளைஞ்சு வருது. இதுல என் கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?

இதை டாக்டர்கிட்டயும் சொன்னேன். "உங்க ஏசி காத்து கலங்குறதாலதான் போர்டுல எழுத்து ஆடுது"ன்னேன். அவரும் பொறுமையா ஏசியை நிறுத்தினார். ரெண்டு பேரும் வேர்த்து ஒழுகினோம். "இப்ப?"ன்னார். "இப்ப உங்க மூச்சுக்காத்து"ன்னேன். அவர் ஏசியைத் திரும்பப் போட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சரி, நிரூபிச்சுக் காட்டுவோம்னு ஒரு கம்புல மூணு தெர்மாமீட்டரையும் நூல் துண்டுகளையும் கட்டி மத்தியானம் மொட்டைமாடியில நட்டேன். ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு பக்கம் ஆடுச்சு. தரைகிட்ட நாப்பத்தாறு, தலை உயரத்துல முப்பத்தொன்பது, அதுவும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுச்சு. எண்ணைப் படிச்சது உங்க அத்தை. "இதையே என்னைப் படிக்கச் சொல்லிட்டு காத்துமேல பழியா?"ன்னாங்க. பக்கத்து மாடித் தையல்காரர்கிட்ட நியாயம் கேட்டு அஞ்சு நிமிஷம் விளக்கினேன். பார்த்தா அது கொடியில தொங்கின கோட்டு. நிஜத் தையல்காரர் பின்னாடியிருந்து, "எனக்கும் ஒரு தடவை சொல்லுங்க சார்"ங்கறார்!

ஆகவே, ஆபரேஷன் தேவையில்லை. மகளுக்கு என் ஆசிகள். கண் கலங்க வேண்டாம் எனச் சொல்லவும்.

இப்படிக்கு,
கண் நன்றாகத் தெரியும்
உங்கள் மாமனார்

பி.கு.: தபாலில் போடுமுன் இன்னிக்கு விடியக்காலம் மாடிக்குப் போனோம். மூணு தெர்மாமீட்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவுன்னு அத்தை படிச்சாங்க. நூல் ஒண்ணுகூட அசையல. கோபுரமும் நெளியல. ஆனா ரெண்டாத்தான் நின்னுச்சு. ரொம்ப நேரம் பார்த்தேன். அத்தை என் கையைப் பிடிச்சுப் படியிறக்கினாங்க. வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்? நீங்களும் கூட இருந்தா தைரியமா இருக்கும்.