கைபேசிப் பதிவுகளைப் படித்து முடிக்கப் போனவர்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நான் நலம் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும். உறுதியாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அங்கே என் மகளும், கோபத்தோடு வந்திறங்கிய என் மனைவி, அதாவது உங்கள் அத்தையும் நலம் என்று நம்புகிறேன்.

அத்தை ஏன் வந்தார் என்று கேட்டிருப்பீர்கள். தவறு என்னுடையது, என் கட்டைவிரலுடையது என்றும் சொல்லலாம். அலுவலகத்தில் எடுத்த கோப்பை முடிக்காமல் நான் எழுந்ததில்லை. அதே பழக்கத்தில், நீங்கள் வாங்கித் தந்த கைபேசியில் வரும் பதிவுகளையும் கடைசிவரை பார்த்து முடித்துவிட்டு மூடி வைக்கலாம் என்று கட்டைவிரலால் திரையை மேலே தள்ளத் தொடங்கினேன். யாரோ கல்யாணம், யாரோ பூனை, மூளைக்கு நல்லதென்று ஒரு பழம், அதே பழம் மூளைக்குக் கெடுதல் என்று இன்னொருவர், அடுத்து உலகம் அழியப்போகிறது, மறுபடி பூனை. சிரித்து முடிப்பதற்குள் பயப்படவேண்டியிருந்தது. பயந்து முடிப்பதற்குள் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லவேண்டியிருந்தது. தூக்கம் போயிற்று, நெஞ்சு படபடத்தது, டாக்டரிடம் போனேன்.

"இது எப்பதாங்க முடியும்?"

"அது முடியாது சார். நீங்கதான் முடிச்சுக்கணும்."

"நான் பாதியில எழுந்துக்கிற ஆள் இல்லீங்களே."

"அதான் உங்களை நல்லாப் புடிச்சுக்கிச்சு!"

அன்று மாலை அத்தை தம் முட்டிவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கைபேசியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டேன். ஆனால் கட்டைவிரல் தானாக எழுந்து, அவர் முகத்துக்கு நேரே காற்றில் ஒரு தள்ளு தள்ளிவிட்டது.

"என்னங்க அது? என்னையே தள்ளி விடுறீங்களா? அடுத்து யாரு வர்றான்னு பாக்கணுமாக்கும்?"

மாப்பிள்ளை, மறைக்க விரும்பவில்லை. அடுத்து யார் வருகிறார் என்று ஒரு கணம் பார்க்கத்தான் செய்தேன். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

இப்போது கைபேசியைச் செருப்புப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டேன். வீட்டில் என்னை அதட்ட ஆளில்லை. எதைச் செய்தாலும் சரியா என்று தெரியவில்லை. எப்படியாவது பக்குவமாகப் பேசி அத்தையை உடனே அனுப்பிவையுங்கள்.

சண்டையும் சளியும் உங்கள் வீட்டை அண்டாதிருக்க வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: உறையில் முகவரி எழுதும்போது உங்கள் வீட்டு எண்ணில் ஐயம் வந்ததால், அதைப் பார்க்க மட்டும் பெட்டியைத் திறந்தேன். உங்கள் பால்கனியில் துணி மடித்தபடி அத்தை பேசும் வீடியோ வந்தது. 'என் வீட்டுக்காரர்: பகுதி ஒன்று'. பின்னால் கேட்கும் சிரிப்பு என் மகளுடையது. என்னைப் பற்றி இவ்வளவு இருப்பது எனக்கே தெரியாது! ஐந்து பகுதிகளையும் ஒரு சொல் விடாமல் கேட்டேன். ஆறாவது எப்போது வரும் என்று விசாரித்து எழுதுங்கள். கேட்டது நான் என்று தெரியவேண்டாம். அதுவரை அவரை அனுப்பிவிடாதீர்கள்.