நூற்றைம்பதாவது பதில்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த ஒரே உருப்படியான காரியம் ஆன்லைன் கருத்துக்கணிப்புதான் என்பதில் டாக்டர் சொக்கநாதனுக்கு ஐயமே கிடையாது. மதுரையை அடுத்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் (பெயரெல்லாம் எதற்கு?) அவர் மயக்கவியல் பேராசிரியர். இருபத்தைந்து வருடமாகப் பல்லாயிரம் தொண்டைகளில் குழாய் இறக்கி மூச்சைக் காப்பாற்றிய கை. இப்போது அதைவிடப் பெரிய பொறுப்பு வந்திருந்தது: 'பயிற்சி மருத்துவர் கருத்தறியும் குழு'வின் தலைவர்.

படிவத்தை உருவாக்க ஒன்பது கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள்: நன்று, மிக நன்று, மிக மிக நன்று. 'மோசம்' என்றும் ஒன்று வேண்டாமா என்று யாரோ கேட்டுத் தொலைத்தார்கள்.

"பிள்ளைங்க மனசுல நாமளே எதுக்குங்க விஷத்தை விதைக்கணும்?" என்றார் சொக்கநாதன். கூட்டம் நெகிழ்ந்துபோனது. பஜ்ஜி வந்தது.

படிவம் அனுப்பி ஒரு மாதமாயிற்று; மறுநாள் கல்லூரியை மதிப்பிட ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. நூற்றைம்பது பயிற்சி மருத்துவர்களில் நூற்று நாற்பத்தொன்பது பேர் பதில் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் தாமரைச்செல்வி ஒருத்திதான். மூன்று நினைவூட்டல் போயும் அசையவில்லை. நூற்றுக்கு நூறு போய்விடுமே! கைபேசியும் கையுமாக அவரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்பினார்.

வாசலில் நின்ற முத்துத்தாய் அவரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் புருஷன் பேயாண்டியை மேலூர்ப் பக்கம் வயலில் பாம்பு கடித்திருந்தது.

"பெரிய டாக்டரே வந்துட்டாக. இனிப் பயமில்ல," என்றாள் பக்கத்தில் நின்றவளிடம்.

உள்ளே தாமரைச்செல்வி பேயாண்டியின் முகத்தில் மூச்சுப்பையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"சார், நல்லவேளை வந்தீங்க! மூச்சு அடங்கிக்கிட்டே வருது. டியூப் போடணும். நான் போட்டதே இல்ல. ஒருதரம் காட்டிக் குடுங்க சார்."

சொக்கநாதனுக்கு மெய்சிலிர்த்தது. கைபேசியை நீட்டினார். "பதினாலாவது கேள்வியே அதுதாம்மா! 'செயல்முறைகள் நேரில் கற்பிக்கப்பட்டனவா?' கை ஒழியலேன்னா வாயால சொல்லு, நானே இதுல தட்டிடறேன். மிக நன்றா, மிக மிக நன்றா?"

"இவரு செத்துருவாரு சார்!"

"அது இந்தப் படிவத்துல வராதும்மா."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்." சிஸ்டர் இருளாயி நடுவில் புகுந்தார். "டாக்டரம்மா, பையை எங்கிட்டக் குடுங்க. தலையைப் பின்னால சாய்ங்க. நாக்கை ஒதுக்கி உள்ள பாருங்க. வெள்ளையா ரெண்டு கோடு தெரியுதா? நடுவுல விடுங்க."

இரண்டாவது தடவையில் குழாய் இறங்கியது. பேயாண்டியின் நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கியது. தாமரைச்செல்வி அழுதேவிட்டாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, இன்னும் நீட்டியபடியே இருந்த கைபேசியை வாங்கி, எல்லாவற்றுக்கும் 'மிக மிக நன்று' தட்டி, 'இதர கருத்துகள்' கட்டத்தில் விறுவிறுவென்று எழுதி அனுப்பினாள். எழுதியதைச் சொக்கநாதன் படிக்கவில்லை. நூற்றைம்பது என்ற எண்ணைத்தான் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியது.

மறுநாள் ஆய்வுக்குழுவின் முன்னால் பெரிய திரையில் 'நூறு சதவீதம்' பச்சையாக மின்னியது. கைதட்டல் அடங்கியதும், கடைசியாக வந்த கருத்தைத் திரை தானாகவே காட்டியது. சொக்கநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பீரமாக வாசித்தார்:

"குழாய் போட எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சிஸ்டர் இருளாயி. மயக்கவியல் பேராசிரியரும் பக்கத்திலேயே நின்றார். நோயாளிக்கு மூச்சு முட்டிய நேரம் முழுக்க அவர் கையில் இந்தப் படிவம்தான் இருந்தது."